டம்ளர் கணக்கு இங்கே செல்லாது

‘டம்ளரில் மிதக்கும் ஐஸ் கட்டி கரைந்தால் தண்ணீர் வழிகிறதா? பிறகு எதற்கு இந்தப் பீதி?’ என்று, பனி உருகிக் கடல்மட்டம் உயர்வதைப் பற்றிய இந்தக் கட்டுரைக்கு வந்த கருத்துகளில் ஒருவர் மேலே கேட்டிருக்கிறார். எலுமிச்சைச் சாற்றில் நானும் பார்த்தேன், வழியவில்லைதான். ஆர்க்டிக் கடலில் மிதக்கும் பனிக்கு அது ஏறக்குறைய சரி. ஆனால் கிரீன்லாந்துப் பனி மிதக்கவில்லை ஐயா; பாறைமேல், சில இடங்களில் 3 கிலோமீட்டர் தடிமனில் உட்கார்ந்திருக்கிறது. நிறைந்த டம்ளரில் புதிதாகப் போடும் கட்டி அது. முழுதும் கரைந்தால் கடல்மட்டம் சுமார் 7 மீட்டர் உயரும். அதற்குப் பல நூற்றாண்டுகளாவது ஆகும் என்பது வேறு விஷயம்.

என்னை அதைவிட உறுத்துவது மேற்கு அன்டார்க்டிக்காவின் த்வைட்ஸ் பனியாறு. அதன் அடித்தரை கடல்மட்டத்துக்குக் கீழே. உள்ளே போகப் போக இன்னும் பள்ளம். வெப்பமான கடல்நீர் அடியில் புகுந்து அரிக்கிறது. அது ஒன்று கரைந்தாலே கடல்மட்டம் ஏறத்தாழ 65 சென்டிமீட்டர் உயரும். கட்டுரையில் இந்தப் பள்ளத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே!