நடக்கச் சொல்கிறீர்கள், எங்கே நடப்பது?

சர்க்கரை நோயின் விளிம்பில் இருப்பவர்கள் நடக்காததற்குச் சோம்பலை மட்டும் குறை சொல்லக் கூடாது, வசிக்கும் தெருவையும் பார்க்க வேண்டும் என்கிறது நீங்கள் வெளியிட்ட கட்டுரை. முழு மனத்தோடு ஏற்கிறேன்.

இரண்டு மூன்று மாதச் சராசரி இரத்தச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையில் 5.7-க்கும் 6.4 சதவீதத்துக்கும் இடையே, அதாவது அந்த விளிம்பில், வந்ததும் வாரம் 150 நிமிடம் நடக்கும்படி எனக்கும் மருத்துவர் சொன்னார். அப்போது இருந்த தெருவில் நடைபாதை பாதியிலேயே முடிந்துவிடும். இருட்டினால் விளக்கும் இல்லை. நான்கு நாள் நடந்தேன். ஐந்தாம் நாள் ஒரு வண்டி உரசிக்கொண்டு போனது, அதோடு நிறுத்திவிட்டேன். பிறகு வீடு மாறினோம். புதிய இடத்தில் பூங்காவெல்லாம் கிடையாது. கடையும் பேருந்து நிறுத்தமும் நடக்கும் தூரத்தில் இருந்தன, அவ்வளவுதான். உடற்பயிற்சி என்ற நினைப்பே இல்லாமல் தினமும் அரை மணி நேரம் நடந்துகொண்டிருந்தேன். என் மன உறுதி கூடிவிடவில்லை, தெருதான் மாறியது.

அமெரிக்காவில் 1994-ல் தொடங்கிய ஓர் ஆய்வில், வறுமை குறைந்த பகுதிக்குக் குடிபெயரக் குலுக்கல் முறையில் உதவி பெற்ற பெண்களிடம், 10 முதல் 15 ஆண்டுகளுக்குப் பின் கடும் உடற்பருமனும் சர்க்கரை நோயும் ஓரளவு குறைவாகவே இருந்தன. அதற்கு நடைதான் காரணம் என்று அந்த ஆய்வு நிறுவவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கட்டுரையில் எனக்கு ஒரு குறை. வீட்டு வேலை முடிந்து இருட்டிய பிறகே வெளியே வர முடிகிற பெண்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நடைபாதை நன்றாக இருந்தாலும், அங்கே ஆள் நடமாட்டம் இல்லையென்றால் அவர்கள் எப்படி நடப்பார்கள்? அடுத்த கட்டுரையில் அதை எழுதுங்கள்.