என் வீட்டு டிவியில் நான் இல்லை

சரோஜாம்மா: வா தம்பி. பெட்டி கெட்டுப்போச்சு. ஒரு சேனலில் நான் வருகிறேன், இன்னொன்றில் ஆளையே காணோம்.

கேபிள்காரர்: படம் புள்ளி புள்ளியாக வருகிறதா?

சரோஜாம்மா: படம் பளிச்சென்று வருகிறது. நான்தான் வரவில்லை. காலையில் காலிக் குடத்தோடு ரோட்டில் உட்கார்ந்தோமே, மறியல்! ஒரு சேனலில் நான் ‘கொதித்தெழுந்த தாய்க்குலம்’. அடுத்ததில் ‘வாகன ஓட்டிகள் அவதி’. மூன்றாவதில் யாரோ ரிப்பன் வெட்டுகிறார்.

கேபிள்காரர்: ஒயர் லூசாக இருக்கும். பிடுங்கி மாட்டினால் சரியாகிவிடும்.

சரோஜாம்மா: உன் அப்பாவும் இதையேதான் சொன்னார். 2001 ஜூன் 30, கலைஞரைக் கைது செய்த அன்றைக்கு. சன் டிவியில் போலீஸ் அவரைத் தூக்கிக்கொண்டு போகிறது. ஜெயா டிவியில் மத்திய அமைச்சர்கள் போலீஸோடு மல்லுக்கட்டுகிறார்கள். ஒரே வீடு, ஒரே ராத்திரி. உன் அப்பா ஒயரைப் பிடுங்கி மாட்டிவிட்டு ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டு போனார்.

(இந்த இடத்தில் ஒயர் ஒருமுறை பிடுங்கி மாட்டப்பட்டது. ரிப்பன் இன்னும் வெட்டப்பட்டுக்கொண்டிருந்தது.)

கேபிள்காரர்: என்ன இருந்தாலும் ஊடகம் ஜனநாயகத்தின் நான்காவது தூண் அம்மா.

சரோஜாம்மா: தூண் சரி. யார் வீட்டுத் திண்ணையில் நிற்கிறது?

கேபிள்காரர்: 1999-ல் ஜெயா டிவி, 2006-ல் மக்கள் டிவி, 2007-ல் கலைஞர் டிவி, 2010-ல் கேப்டன் டிவி...

சரோஜாம்மா: போதும், மொய் நோட்டு மாதிரி வாசிக்காதே. நடந்தது நடந்தபடி வருகிற சேனல் எந்த நம்பர்?

கேபிள்காரர்: அந்த பேக்கேஜ் நம்மிடம் இல்லை.

சரோஜாம்மா: கூடக் காசு தருகிறேன்.

கேபிள்காரர்: நீங்கள் தருகிற காசு எனக்கே பத்தாது. சேனல் ஓடுவது விளம்பரத்தில். அதில் அரசாங்க விளம்பரமும் உண்டு. அதை நிறுத்தினால் செய்தி வாசிப்பவருக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். ஒயரை வேண்டுமானால் இன்னொரு முறை...

சரோஜாம்மா: ஒயரைத் தொட்டால் குடத்தாலேயே அடிப்பேன். மறியலுக்கு வந்த ரிப்போர்ட்டர் பையன் நல்ல பையன், தெரியுமா? ரெண்டு மணி நேரம் எங்களோடு வெயிலில் நின்றான். என் குடம் மஞ்சள். “எந்தக் கட்சிம்மா?” என்றுகூடக் கேட்கவில்லை. எத்தனை நாளாகத் தண்ணீர் வரவில்லை என்று எழுதிக்கொண்டான். அப்புறம் ஒரு போன் வந்தது. “சரிங்க சார், சரிங்க சார்” என்றான். சாயங்காலம் பார்த்தால் அவன் சேனலில்தான் ரிப்பன்.

கேபிள்காரர்: பாவம், அவன் என்ன செய்வான்?

சரோஜாம்மா: ஏன்? 1987-ல் விகடன் ஆசிரியருக்கு ஒரு அட்டைப்பட ஜோக்குக்காகச் சட்டசபை மூன்று மாதம் ஜெயில் என்று சொல்லவில்லையா? அவர் மன்னிப்புக் கேட்டாரா?

கேபிள்காரர்: கேட்கவில்லை. அங்கே ஆசிரியரும் அவரே, முதலாளியும் அவரே. இந்தப் பையனுக்கு மேலே ஏழு சார் இருக்கிறார்கள்.

சரோஜாம்மா: ...அதுவும் சரிதான். ஆமாம், கீழே என்னவோ ஓடுகிறதே, என்ன அது?

கேபிள்காரர்: ‘நகர் முழுவதும் குடிநீர் விநியோகம் சீரானது.’

சரோஜாம்மா: அப்படியா! சேனலை மாற்றாதே தம்பி. அந்தக் குடத்தை எடு, டிவிக்கு அடியில் வைப்போம்.