கரண்ட் போனால் கூரைச் சோலரும் நிற்கும்

"சோலர் பூட்டினால் கரண்ட் நிண்டாலும் வீட்டில நிக்காது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அதை நம்பிக் காசு கட்டிப்போடாதேங்கோ.

இன்வேர்ட்டர் என்பது கூரைத் தகட்டின் மின்னை வீட்டு மின்னாக மாற்றும் பெட்டி. மீற்றரோடு சேரும் சாதாரண ஆன்-கிரிட் (தெரு லைனோடு இணைந்த) இன்வேர்ட்டர், லைனில் வரும் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸைப் பார்த்து, அதோடு ஒத்துத்தான் மின்னை அனுப்பும். லைன் செத்தால் உச்சி வெயிலிலும் ஓரிரு நொடியில் தானே நின்றுவிடும். அது பழுதல்ல, வேணுமென்றே வைத்த பாதுகாப்பு. நிற்காவிட்டால் உங்கள் வீட்டு மின் தெரு ட்ரான்ஸ்போமருக்குள் தலைகீழாகப் போய் 11,000 வோல்ற்றாக ஏறலாம். கம்பத்தில் வேலை செய்பவரின் உயிர் போகும்.

கரண்ட் வெட்டிலும் ஓட வேண்டுமென்றால் ஹைபிரிட் இன்வேர்ட்டர் (பற்றரியோடும் லைனோடும் ஓடக்கூடியது), பற்றரி, தெரு லைனைத் துண்டிக்கும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் மூன்றும் தேவை. எங்கட பக்கம் கிணற்று மோட்டரை மறந்துதான் பலர் இன்வேர்ட்டர் அளவு பார்க்கினம். 1 குதிரைவலு மோட்டர் ஓடும்போது 1,000 வாற் அளவில்தான் இழுக்கும், ஆனால் தொடங்கும் கணத்தில் நாலைந்து மடங்கு கரண்ட் கேட்கும். 3 கிலோவாற் இன்வேர்ட்டர் அதிலேயே நின்றுவிடக்கூடும்.

இன்வேர்ட்டர் நின்றாலும் வெயில் உள்ளவரை கூரை வயரில் மின் இருக்கும். 40 வோல்ற் சோலர் தகடு பத்தைத் தொடராக இணைத்தால் 400 வோல்ற் டிசி (நேரோட்ட மின்). தகட்டு வயரைத் துண்டிக்கும் சுவிட்சான ஐசொலேற்றரை நிறுத்தினாலும் தகட்டுப் பக்கம் அப்படியேதான். எலி கடித்த வயர் கண்டால் கை வைக்காதேங்கோ.