விபுலாநந்த அடிகளும் யாழ்நூலும்: ஒரு திருத்தம்

விபுலாநந்த அடிகள் திருகோணமலையில் பிறந்தவர் என்றும், அவருடைய யாழ்நூல் அவர் மறைந்த பின்னரே வெளிவந்த பக்திப் பனுவல் என்றும் அன்பர் ஒருவர் எழுதியுள்ளார்; மூன்றுமே பிழை.

அடிகள் 1892இல் கிழக்கிலங்கையின் காரைதீவில் பிறந்தவர். 1920களின் பிற்பகுதியில் எங்கள் ஊரான திருகோணமலையின் இந்துக் கல்லூரியில் அதிபராக இருந்தார் என்பதே நமக்குள்ள உரிமை; அதுவே போதிய பெருமைதான்.

யாழ்நூல் 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அவர் முன்னிலையிலேயே அரங்கேறியது. அவர் மறைந்தது ஜூலை 19ஆம் நாள். இடைவெளி சில வாரங்களே என்பதால் குழப்பம் நேர்ந்திருக்கலாம்.

பக்திப் பனுவல் என்பதுதான் பெரும் பிழை. மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதரும் லண்டன் பல்கலைக்கழக அறிவியல் பட்டதாரியுமான அடிகள், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் 1943 முதல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர். சிலப்பதிகார அரங்கேற்று காதையின் வரிகளை, பழைய உரையாசிரியர் அடியார்க்குநல்லாரின் உரையோடு சொல் சொல்லாக ஆராய்ந்து, நரம்பின் நீளத்துக்கும் சுருதிக்கும் உள்ள விகிதங்களைக் கணக்கிட்டு, வழக்கொழிந்த பழந்தமிழ் நரம்புக் கருவியான யாழின் வடிவையும் இசைமுறையையும் மீட்க அவர் செய்த முயற்சியே அந்நூல். யாழ் வகைகளுள் பேரியாழுக்கு 21 நரம்பு, செங்கோட்டியாழுக்கு 7 என்னும் பழங்குறிப்புகளை வெறும் எண்ணாக விடாமல், அவற்றில் எந்தப் பண் (இராகம்) எவ்வாறு பிறக்கும் என்று கேட்டவர் அவர்.