சாடியோ மானேவின் செல்போனை விடுங்கள், அவர் ஆட்டத்தைப் பேசுவோம்

விரிசல் விட்ட செல்போனைக் கையில் பிடித்தபடி செனகல் நாட்டுக் கால்பந்து வீரர் சாடியோ மானே நடந்து போகும் படம் மறுபடியும் சுற்ற ஆரம்பித்திருக்கிறது. கூடவே, "எனக்கு எதற்குப் பத்து ஃபெராரி கார்?" என்று அவர் சொன்னதாக ஒரு வசனம். குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் காலை வணக்கத்தோடு சேர்ந்து வருகிறது. கால்பந்தே பார்க்காதவர்கள்கூட இதயம் போட்டுப் பகிர்கிறார்கள். "இவ்வளவு சம்பாதிச்சும் எவ்வளவு எளிமை பாருங்க!"

படம் உண்மைதான். சொந்த ஊரில் அவர் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் கட்டியதும் உண்மைதான். ஆனாலும் அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஒப்பவில்லை. பகிர்கிற பலருக்கு அவர் எந்தக் கிளப்பில் ஆடினார், எந்தப் பக்கம் ஆடினார் என்றே தெரியாது. இந்தத் தலைமுறையின் மிகச் சிறந்த முன்கள வீரர்களில் ஒருவரை நல்லொழுக்கப் பாடமாகச் சுருக்கிவிட்டோம்.

அவருடைய ஒரே ஒரு கோலைச் சொல்கிறேன். 2019 மார்ச் 13, மியூனிக். ஐரோப்பாவின் தலைசிறந்த கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கில் ஜெர்மனியின் பயர்ன் மியூனிக்குக்கு எதிராக, மானே அப்போது ஆடிய லிவர்பூல். இரண்டு ஆட்டம் கொண்ட அந்தச் சுற்றில் முதல் ஆட்டம் கோல் இல்லாமல் முடிந்திருந்தது. 26ஆவது நிமிடத்தில் லிவர்பூல் தடுப்பாட்டக்காரர் வான் டைக் தன் பாதியிலிருந்து நீளமாக ஒரு பந்தைத் தூக்கிப் போடுகிறார். ஓடிக்கொண்டே மானே அதைக் காலில் வாங்குகிறார். கோல்கீப்பர் மானுவல் நோயர் பெட்டியை விட்டுப் பாய்ந்து வருகிறார். உலகின் தலைசிறந்த கோல்கீப்பர் என்று பெயரெடுத்தவர் அவர். சாதாரண ஆட்டக்காரர் என்றால் அந்த நொடியில் பதறி அடித்திருப்பார். மானே அடிக்கவில்லை. கோலுக்கு முதுகைக் காட்டி அப்படியே ஒரு சுற்றுச் சுற்றினார். நோயர் ஒரு பக்கம் போய்விட்டார், பந்து மானேயிடமே இருந்தது. பிறகு இடது காலால் நிதானமாக ஒரு தூக்கு. ஓடிவந்த தடுப்பாட்டக்காரரின் தலைக்கு மேலே போய் வலையில் இறங்கியது. அவர் வலது கால் ஆட்டக்காரர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அதைப் பாருங்கள். அன்று இன்னொரு கோலும் அடித்தார், லிவர்பூல் 3–1 என ஜெயித்தது, அந்த ஆண்டு கோப்பையும் அவர்களுக்கே.

சரி, வறுமைக் கதைக்கு வருவோம். அதையும் முழுசாகத்தான் சொல்ல வேண்டும். செனகலின் தெற்கே கசமான்ஸ் பகுதியில் பம்பாலி என்று ஒரு கிராமம். மானே 1992இல் அங்கே பிறந்தார். சின்ன வயதிலேயே அப்பா இறந்துவிட்டார். ஊரில் ஆஸ்பத்திரி இல்லை. 2021இல் அந்த ஊரில் அவர் காசில் ஆஸ்பத்திரி எழுந்ததற்குக் காரணம் இதுதான். பதின்ம வயதில் கால்பந்து ஆட வீட்டுக்குச் சொல்லாமல் தலைநகர் டாக்காருக்குக் கிளம்பிப் போனார். வீட்டார் கண்டுபிடித்துத் திரும்ப அழைத்துவந்தார்கள், பிறகும் போனார். ஆட்டக்காரர் தேர்வு நடந்த இடத்தில் அவருடைய கிழிந்த பூட்ஸைப் பார்த்து, இதைப் போட்டுக்கொண்டா ஆடப்போகிறாய் என்று ஒரு பெரியவர் கேட்டதை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

ஆனால் அங்கிருந்து ஐரோப்பாவுக்கு அவரை எந்த அதிசயமும் தூக்கிப் போகவில்லை. டாக்காரில் ஜெனரேஷன் ஃபூட் என்ற பயிற்சிப்பள்ளிக்கும் பிரான்சின் மெட்ஸ் கிளப்புக்கும் 2003லிருந்து ஒப்பந்தம் உண்டு. பாப்பிஸ் சிஸ்ஸே, இஸ்மாயிலா சார், பாப்பே மதார் சார் என்று செனகல் வீரர்கள் பலரும் அதே வாசல் வழியாகத்தான் போனார்கள். மானே சேர்ந்த பருவத்தில் மெட்ஸ் பிரான்சின் மூன்றாம் நிலை லீக்குக்கு இறங்கிவிட்டது. 2012இல் சுமார் 40 லட்சம் யூரோவுக்கு ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்குக்கு விற்றார்கள். 2014இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன். 2016இல் லிவர்பூல் கொடுத்தது 3 கோடியே 40 லட்சம் பவுண்ட். கிளப்புக்குக் கிளப் விலை ஏறியதைப் பாருங்கள். மேற்கு ஆப்பிரிக்கப் பையன்களுக்கு வாய்ப்பும் இந்த வழிதான், ஐரோப்பிய கிளப்புகளுக்கு வியாபாரமும் இதே வழிதான். எளிமையைப் பற்றி எழுதுகிற யாரும் இந்தக் கணக்கைத் தொடுவதே இல்லை.

சவுத்தாம்ப்டனில் இருந்தபோது 2015 மே மாதம் ஆஸ்டன் வில்லாவுக்கு எதிராக 2 நிமிடம் 56 வினாடியில் மூன்று கோல் அடித்தார். இங்கிலாந்தின் முதல்நிலைத் தொடரான பிரீமியர் லீக்கில் மிக வேகமான ஹாட்ரிக் அது. லிவர்பூலில் ஆறு பருவம், 269 ஆட்டம், 120 கோல். அதில் நிறைய, எதிரணியை விரட்டி விரட்டிப் பந்தைப் பிடுங்கியதால் வந்தவை.

இருந்தாலும் அவர் யாரென்று காட்டுவது கிளப் ஆட்டம் இல்லை என்பேன். பெனால்டிதான்.

2017 ஆப்பிரிக்கக் கோப்பை காலிறுதி, காபோன் நாட்டின் ஃபிரான்ஸ்வில். சமநிலையை முடிக்க இரு அணியும் மாறி மாறிப் பெனால்டி அடிப்பதுதான் ஷூட்அவுட். கேமரூனுக்கு எதிரான ஷூட்அவுட்டில் மானே அடித்த பந்து தடுக்கப்பட்டது, செனகல் வெளியே போனது. மைதானத்திலேயே அழுதார். டாக்கார் பக்கம் அவர் குடும்பத்தாரின் காரை ஆத்திரக்காரர்கள் அடித்து நொறுக்கியதாக அப்போது செய்தி வந்தது. 2019 ஆப்பிரிக்கக் கோப்பையில் கென்யாவுக்கு எதிராக ஒரு பெனால்டி வீணாய்ப் போனது, உகாண்டாவுக்கு எதிராக இன்னொன்று. இனி இந்தத் தொடரில் நான் அடிக்கவில்லை, வேறு யாராவது அடியுங்கள் என்று விட்டுக்கொடுத்தார். இறுதிப்போட்டியில் அல்ஜீரியாவிடம் 1–0 தோல்வி.

அப்புறம் 2022 பிப்ரவரி 6, கேமரூன் தலைநகர் யாவுண்டே. எகிப்துக்கு எதிராக ஆப்பிரிக்கக் கோப்பை இறுதிப்போட்டி. செனகல் அதுவரை ஒருமுறைகூட அந்தக் கோப்பையைத் தொட்டதில்லை. ஏழாவது நிமிடத்திலேயே பெனால்டி. எகிப்து கேப்டன் முகமது சலா, லிவர்பூலில் மானேவோடு தினமும் பயிற்சி செய்தவர், தன் கோல்கீப்பர் கபாஸ்கியின் காதில் போய் ஏதோ சொல்கிறார். மானே பலமாகத்தான் அடித்தார். கபாஸ்கி பாய்ந்து தடுத்துவிட்டார்.

இதற்குப் பிறகு 110 நிமிடத்துக்கு மேல் ஆட்டம் நடந்தது. அவ்வளவு நேரமும் அந்த மனிதர் தலையில் என்ன ஓடியிருக்கும்? கோல் இல்லாமல் முடிந்து ஷூட்அவுட் வந்தது. ஐந்தாவதாக, வெற்றியை முடிவு செய்யும் உதைக்கு, நடந்து வந்தவர் மானே. அதே கோல்கீப்பர். பயிற்சியாளர் அலியூ சிஸ்ஸே ஓரத்தில் நிற்கிறார். 2002 இறுதிப்போட்டியில் கேப்டனாக இருந்து கேமரூனுக்கு எதிரான ஷூட்அவுட்டில் கடைசி பெனால்டியைத் தவறவிட்டவர் அவர். மானே ஓடிவந்து அடித்தார். கோல். செனகலுக்கு முதல் கோப்பை. மார்ச் மாதம் உலகக் கோப்பைத் தகுதி ஆட்டத்தில் அதே எகிப்து, மறுபடியும் ஷூட்அவுட், மறுபடியும் கடைசி உதை அவருடையது, மறுபடியும் கோல்.

நான் மெய்சிலிர்க்கிற இடம் இது. எளிமைக்காக ஒருவரை மதிக்கலாம், தப்பில்லை. ஒரு நாடே பார்க்க மூன்று நான்கு முறை தோற்றுவிட்டு, அதே இடத்துக்குத் திரும்பி வந்து நிற்கிற நெஞ்சுரத்தை என்ன சொல்லி மதிப்பது?

அவர் சாந்தசொரூபியும் கிடையாது. 2019 ஆகஸ்டில் பர்ன்லி ஆட்டத்தில் சலா பந்து தரவில்லை என்று வெளியே வந்து பெஞ்சில் கொதித்ததை உலகமே பார்த்தது. 2022இல் லிவர்பூலை விட்டுப் பயர்ன் கிளப்புக்குப் போனார், அங்கே 2023 ஏப்ரலில் சக வீரர் லெராய் சானேவோடு தகராறு. கிளப் ஓர் ஆட்டத்துக்கு விலக்கி வைத்து அபராதமும் போட்டது. காலில் அடிபட்டு 2022 உலகக் கோப்பையே பறிபோன பருவம் அது. ஒரே ஆண்டில் சவுதியின் அல் நாசர் கிளப்புக்குப் போய்விட்டார். இவையெல்லாம் ஃபார்வர்டு செய்திக்குள் அடங்காது. கோபப்படுகிற, தோற்கிற, பணத்துக்காகவும் முடிவெடுக்கிற முழு மனிதர் அந்தச் செல்போன் படத்தில் இல்லை.

பெல்ஜியம் வீரர் கெவின் டி புரூய்னே எத்தனை பள்ளிக்கூடம் கட்டினார் என்று யாராவது கேட்டிருக்கிறோமா? அவருடைய பாஸைப் பற்றி மட்டும்தான் பேசுகிறோம். ஆப்பிரிக்க வீரர் என்றால் மட்டும் முதலில் ஏழையாகவும் அப்புறம் தர்மவானாகவும் இருந்தால்தான் நமக்குப் பிடிக்கிறது. இந்தப் பார்வை எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

உலகின் சிறந்த கால்பந்து வீரருக்கான 2022 பாலோன் டோர் விருதில் பிரான்சின் பென்சிமா முதலிடம், மானே இரண்டாமிடம். ஆப்பிரிக்க வீரர்களில் அந்த விருதை வாங்கியவர் 1995இல் லைபீரியாவின் ஜார்ஜ் வியா ஒருவர்தான். அன்று இரவு பாரிஸ் மேடையில் மானே கையில் ஒரு விருது கொடுத்தார்கள். சமூகப் பணிக்காக அந்த ஆண்டுதான் புதிதாகத் தொடங்கிய சாக்ரடீஸ் விருது.