என் சுவருக்குள் தீக்குச்சி

தீக்குச்சிங்க. அம்மா சாமி மேடையில் விளக்கேற்ற வைத்திருந்த தீக்குச்சி. அதன் தலையை ஒடித்துப் போட்டுவிட்டு, சுவரில் போட்ட ஓட்டைக்குள் நாலைந்தாகத் திணித்து, அதன்மேல் ஸ்க்ரூவை முறுக்கி, அதில் துணி காயவைக்கும் டிரையரை மாட்டிவிட்டு "முடிஞ்சிருச்சு அக்கா" என்று மாட்ட வந்த ஆள் சொன்னால் உங்களுக்கு எப்படி இருக்கும்? சனிக்கிழமை நடந்தது. இன்றைக்குச் செவ்வாய். எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

நவம்பர் மாதத்துக் கோலாலம்பூரை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மூன்று மணிக்கு வானம் கறுக்கும், நாலு மணிக்குக் கொட்டும், மறுநாள் காலையில் பிள்ளைகளின் பள்ளிச் சீருடையை முகர்ந்தால் ஈர வாடை அடிக்கும். செந்தூலில் பதினான்காவது மாடி எங்கள் வீடு. வாஷிங் மிஷினை வைத்தால் ஓர் ஆள் நிற்கத்தான் யார்டில், அதாவது சமையலறைக்குப் பின்னால் துணி துவைக்கிற இடத்தில், இடம். பால்கனியில் வெளியே நீட்டித் துணி போட முடியாது, அடுக்குமாடி வீடுகளுக்கான 2015ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டா விதிகளிலேயே அனுமதியில்லாமல் அப்படிப் போடக்கூடாது என்று இருக்கிறது. அதை நான் குறை சொல்லவில்லை. கீழே நடக்கிறவர் தலையில் ஈரத் துணியும் கம்பும் விழக்கூடாது, நியாயம்தான். என் கேள்வி, வீட்டுக்குள்ளே நிற்கிற எங்கம்மா தலைக்கு மட்டும் ஏன் யாருமே பொறுப்பில்லை?

ஏனென்றால் அந்த டிரையருக்கு நேர் கீழே நிற்கப்போவது அம்மாதான். எழுபத்திரண்டு வயசு. வாஷிங் மிஷின் முன்னால் குனிந்து துணியை எடுப்பது அவர்தான், வேண்டாம் என்றாலும் கேட்கமாட்டார். அவர் தலைக்கு மேலே தொங்கப்போவது காலியாக இருக்கும்போதே 20 கிலோவுக்கு மேலே. 6 கிலோ துணி போட்டால், பிழிந்த பிறகும் அதில் ரெண்டு மூன்று லிட்டர் தண்ணீர் நிற்கும். எல்லாம் சேர்ந்து 30 கிலோவைத் தொடும் சாமான், சும்மாவும் தொங்காது, மணிக்கணக்கில் சுற்றிச் சுற்றி அதிரும். இதைத்தான் மாட்ட வந்தவர் தீக்குச்சியில் மாட்டினார்.

காலை ஒன்பது மணிக்கு வருவதாகப் பேச்சு. வந்தது பன்னிரண்டேகால். எங்கள் அடுக்குமாடிக் கொண்டோவில் சனிக்கிழமை ஒரு மணிக்கு மேல் டிரில் போடக்கூடாது, மேனேஜ்மென்ட் ஆபீசிலிருந்து ஆள் வந்துவிடும். இதை முன்கூட்டியே ரெண்டு தடவை போனில் சொல்லியிருந்தேன். சரி, வந்தார். செருப்பைக் கழற்றினார், யார்டுக்குப் போனார், பெட்டியைக் கிழித்தார், பிராக்கெட்டைச் சுவரில் வைத்துப் பென்சிலால் நாலு புள்ளி வைத்தார். சுவரைத் தட்டிப் பார்க்கவில்லை. மட்டம் வைத்துப் பார்க்கவில்லை. இது என்ன சுவர் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேராக டிரில்லை வைத்து அழுத்தினார்.

டிரில் வெண்ணெய்க்குள் போகிற மாதிரி உள்ளே போனது. தூள் கொட்டியது பாருங்கள், வெள்ளை வெளேர் என்று, அரிசி மாவு சலித்த மாதிரி வாஷிங் மிஷின் மூடி முழுக்க. செங்கல் என்றால் சிவப்பாகக் கொட்டும், சிமெண்டு கல் என்றால் சாம்பல் நிறத்தில் கரகரவென்று கொட்டும், இதெல்லாம் எனக்கே தெரியும். "தம்பி, இது செங்கல் இல்லப்பா, லேசான பிளாக்கு, பாத்துப் போடுங்க" என்றேன். திரும்பிக்கூடப் பார்க்காமல் "எல்லா வீட்டுக்கும் இதான் லா அக்கா" என்றார். அந்த லேசு பிளாக் முழுக்கக் காற்றுக் குமிழி, அதில் தட்டுகிற டிரில்லைத் தட்டவிட்டுப் போட்டால் ஓட்டை பெரிதாகி வாய் பிளந்துவிடும். தட்டுகிறதை நிறுத்திவிட்டுச் சும்மா சுற்றவிட்டுத்தான் போட வேண்டும். அவர் கடைசிவரைக்கும் அந்தப் பொத்தானைத் தொடவில்லை.

அப்புறம் ஸ்க்ரூ இறுகுவதற்காக ஓட்டைக்குள் செருகுகிற பிளாஸ்டிக் பிளக்கை எடுத்தார். சுத்தியலுக்கே வேலை இல்லை, சுண்டுவிரலால் தள்ளினார், உள்ளே போய்விட்டது. ஸ்க்ரூவை வைத்து முறுக்கினால் ஸ்க்ரூவோடு சேர்ந்து பிளக்கும் சுற்றுகிறது. முறுக்க முறுக்க இறுகவே இல்லை. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டாமா? "அக்கா, இந்தச் சுவருக்கு இந்த பிளக் சரிவராது, வேற சாமானோட வாரேன்" என்று சொல்லியிருந்தால் டீ போட்டுக் கொடுத்து அனுப்பியிருப்பேன். ஆனால் அவர் திரும்பி, "அக்கா, தீப்பெட்டி இருக்கா?" என்றார். சிகரெட்டுக்குத்தான் கேட்கிறார் என்று நினைத்து, வீட்டுக்குள் குடிக்கக்கூடாது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அம்மா பாவம், சாமி மேடையிலிருந்து எடுத்துக்கொண்டு வந்து கொடுத்துவிட்டார்.

நான் கண்ணால் பார்த்தேன். ஒவ்வொரு குச்சியாக எடுத்து, மருந்தைக் கிள்ளி எறிந்து, ஓட்டைக்குள் செருகி, கட்டைவிரலால் அழுத்தி. நாலு ஓட்டைக்கும். காலண்டர் மாட்ட அப்படிச் செய்யலாம். அவர் பாட்டுக்கு மிஷினைத் தூக்கிப் பிராக்கெட்டில் மாட்டிவிட்டார். இடது பக்கம் சாய்ந்து நின்றது. நான் அடியில் ஒரு கையைக் கொடுத்தபடி, மறு கையால் மேலே லேசாகத்தான் அழுத்தினேன். பிராக்கெட்டுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு காசு நுழைகிற அளவு இடைவெளி விழுந்தது, மாவு திரும்பக் கொட்டியது. "இறக்குங்க" என்றேன். "தாங்கும் அக்கா." "இறக்குங்க தம்பி, இப்பவே இறக்குங்க." நான் கத்தின கத்தில் பக்கத்து வீட்டு ஆன்ட்டி கதவைத் திறந்து பார்த்தார்.

இதில் இன்னொன்று. இந்த மாடலைத் தலைகீழாகவும் மாட்டலாம், பொத்தான்கள் அடியில் வரும், அம்மா உயரத்துக்கு எட்டும். அதற்காகத்தான் தேடி வாங்கினேன். "தலைகீழா மாட்டுனா கெட்டுப்போயிடும்" என்றார். கையேட்டில் படமே போட்டிருக்கிறது, எடுத்துக் காட்டினேன், பார்க்கவில்லை. வாஷிங் மிஷினையும் டிரையரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் கட்டையில் சொருகச் சொன்னார். டிரையர் 2000 வாட், அதுவே கிட்டத்தட்ட 9 ஆம்ப். வாஷிங் மிஷின் சுடுதண்ணி போட்டால் அதுவும் அதே அளவு. கட்டையின் பிளக் தாங்குவது 13 ஆம்ப்தான். கட்டை சூடாகி உருகினால் யார் வருவார்?

கடைக்குப் போன் போட்டேன். அங்கே சொன்ன பதில்தான் எனக்கு உச்சந்தலைக்கு ஏறியது. "உங்க சுவருதான் சரியில்ல மேடம்." என் சுவருக்கு ஒரு குறையும் இல்லை! இந்த ஊரில் இப்படிப்பட்ட சுவர் இருக்கிற கொண்டோ எத்தனையோ. அதற்கென்று நைலான் பிளக் விற்கிறார்கள், ஓட்டைக்குள் பசையை விட்டு போல்ட்டை இறுக்குகிற கெமிக்கல் ஆங்கர் இருக்கிறது. எங்கள் யார்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் சமையலறைதான், சுவரைத் துளைத்து நீள போல்ட்டு விட்டு, அந்தப் பக்கம் இரும்புத் தகடு வைத்து நட்டு முறுக்கினால் அசையாது. அதுவும் வேண்டாமென்றால் தரையில் நிற்கிற ஸ்டாண்டு வாங்கி வாஷிங் மிஷினுக்கு மேலே வைத்துவிடலாம், சுவரையே தொட வேண்டாம். எனக்கு இவ்வளவு தெரிகிறது, மாட்டுகிற கூலி வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டாமா? விற்கும்போதாவது "உங்க வீட்டுச் சுவர் என்ன சுவர்" என்று ஒரு கேள்வி, ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கக்கூடாதா?

இப்போது டிரையர் டிவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது, அதன்மேல் பிள்ளைகளின் பள்ளிப்பை. சுவரில் நாலு ஓட்டை, ஒன்றில் இன்னும் குச்சி துருத்திக்கொண்டு நிற்கிறது. அம்மா அதைப் பார்க்கும்போதெல்லாம் "நாந்தானே தீப்பெட்டி குடுத்தேன்" என்கிறார். அதைக் கேட்கத்தான் எனக்கு வயிறு எரிகிறது. அவர் ஏன் வருத்தப்பட வேண்டும்?

நான் ராத்திரி பத்து மணிக்குக் கூடையைத் தூக்கிக்கொண்டு துணி காயவைக்கக் கீழே டோபி கடைக்குப் போகிறேன். போனால், லிஃப்ட்! மூன்றில் ஒன்றுதான் ஓடுகிறது, தீபாவளிக்கு முன்னாலிருந்து. நேற்று அதற்காகக் காத்து நின்றே இருபது நிமிஷம், காய்ந்த துணி எல்லாம் கூடையிலேயே ஆறிக் கசங்கிப்போய்விட்டது. மாசாமாசம் பராமரிப்புப் பணம் ஒரு நாள் தவறாமல் கட்டுகிறேன். லிஃப்ட் கதவில் ஒட்டியிருக்கிற காகிதத்தில் விரைவில் சரிசெய்யப்படும் என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். தேதி போடுங்கய்யா அதில். ஒரு தேதி!