ஆட்டிசம் இருந்தால் டாக்டராக முடியாதா?

"ஆட்டிசம் உள்ளவருக்கு இங்கிலாந்தில் டாக்டர் உரிமம் கிடையாது; அவர்களுக்கு நோயாளியின் மனசு புரியாதாம்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறு. எந்த உடல்நலப் பிரச்சினையும் மாற்றுத்திறனும், அது இருக்கிறது என்பதாலேயே ஒருவரை மருத்துவம் படிப்பதிலிருந்தோ பார்ப்பதிலிருந்தோ தானாக விலக்கிவிடாது என்று அங்கு டாக்டர்களுக்கு உரிமம் தரும் பொது மருத்துவ கவுன்சிலின் வழிகாட்டியே சொல்கிறது. பாதுகாப்பாக வேலை செய்கிறாரா என்பதுதான் கேள்வி. அது எல்லா டாக்டருக்கும் பொதுதானே!

அந்நாட்டின் 2010 சமத்துவச் சட்டப்படி, மாற்றுத்திறனாளி ஊழியருக்கு நியாயமான வசதிகளை மருத்துவமனை செய்து தரவேண்டும். டியூட்டி பட்டியலை முன்கூட்டியே தருவது, வாய்மொழி உத்தரவை எழுத்திலும் கொடுப்பது, இரைச்சல் இல்லாத ஓர் அறை என, பெரிய செலவெல்லாம் இல்லை.

அப்புறம் அந்த "மனசு புரியாது" கதை. அயர்லாந்தின் மயக்கவியல் நிபுணர் மேரி டோஹர்ட்டி 2019-ல் ஆட்டிசம் உள்ள டாக்டர்களுக்காகத் தொடங்கிய அமைப்பில் மனநல மருத்துவர்களும் இருக்கிறார்கள்.